‘ஆர்கானிக்’ ஒயின் தோட்டத்திலும் மருந்து! திருடனை விரட்டிய மயில்துத்தம்

“மருந்தே படாத சரக்கு” என்று நம்பி ஆர்கானிக் சிவப்பு ஒயினுக்குக் கூடுதல் பணம் கொடுப்பவர்கள் பலர். அதுதான் இல்லை! அந்தத் திராட்சைக்கும் மயில்துத்தம் தெளிக்கிறார்கள்.

திருட்டில் ஆரம்பித்த கதை இது.

பிரான்சில் போர்டோ நகரை அடுத்தது மெடாக் என்ற திராட்சைச் சீமை. சாலையோரத் தோட்டங்களில் போகிறவன், வருகிறவன் எல்லாம் பழத்தைப் பறித்துத் தின்றான். தோட்டக்காரர்கள் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து ஓரத்துக் கொடிகளில் தெளித்தார்கள். நீலம் பாரித்த பழத்தை எவனும் தொடவில்லை!

1882-ல் அந்தப் பக்கம் போனார் பேராசிரியர் மில்லார்தே. மற்ற கொடிகள் நோயில் இலை உதிர்ந்து கிடக்க, நீலக் கொடிகள் மட்டும் நன்றாக இருந்தன. 1885-ல் விவரத்தை வெளியிட்டார். நம்ம ஊர் விவசாயிக்கும் தெரிந்த ‘போர்டோ கலவை’ இதுதான்.

மண்ணுக்குத்தான் ஆபத்து

ரசாயனக் களைக்கொல்லிக்கு ஆர்கானிக் தோட்டத்தில் தடை. செம்பு மருந்துக்கு ஐரோப்பிய சட்டம் இடம் தருகிறது: எக்டேருக்கு 7 ஆண்டில் 28 கிலோ வரை. குடிப்பவர் பயப்பட வேண்டாம். சாறு புளிக்கும்போது பெரும்பகுதி செம்பு வண்டலோடு போய்விடும். மாட்டிக்கொள்வது மண்புழு! மண்ணில் சேர்ந்த செம்பு லேசில் போகாது.

அப்படியானால் கூடுதல் காசு தண்டமா? அப்படியும் இல்லை. கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்பைட், சாதா சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை போகலாம், ஆர்கானிக்கில் 100-தான். 2012-ல் வந்த விதி இது.

ஐரோப்பிய பாட்டில் என்றால் லேபிளில் பச்சைக் கட்டத்துக்குள் நட்சத்திரங்களால் ஆன இலையும், சான்று தந்தவரின் குறியீட்டு எண்ணும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.