முகவாதமும் மின்சிகிச்சையும்

காலபோக அறுவடை நாளொன்றின் காலையில் வாய் கொப்பளிக்கையில், தண்ணீர் இடப்பக்கமாக வழிந்தோடிற்று. கண்ணாடியை நோக்கினோம். இட நெற்றி சுருங்கவில்லை, இடக்கண் மூடவில்லை. அயலார் பாரிசவாதமென அஞ்சினர். மூளையிற் குருதி தடைப்பட்டு வரும் வாதத்தில் நெற்றி பெரும்பாலும் அசையும். முகநரம்பே நலிந்தால் நெற்றியும் அசையாது. எனினும் இவ்வேறுபாட்டை வீட்டிலிருந்தே தீர்மானித்தல் தகாது. வைத்தியசாலைக்கு உடன் விரைதல் வேண்டும். நாமோ எண்ணெய் பூசி நான்கு நாட்களை வீணாக்கினோம்.

இந்நரம்பினை ஆராய்ந்து 1821இல் எழுதிய சார்ள்ஸ் பெல் என்பாரின் பெயரையே இந்நோய் மேனாட்டில் தாங்கி நிற்கின்றது. காதின் பின்னுள்ள எலும்பிலே ஒடுங்கிய குழாயொன்றினூடாக நரம்பு செல்கின்றது. அது வீங்கினால் விரிய இடமில்லை, நெரிபட்டுச் செயலிழக்கின்றது. வீக்கத்தைத் தணிக்கும் பிரெட்னிசலோன் மருந்தை முதல் 72 மணித்தியாலத்துள் தொடங்க வேண்டும் என்பது இதனாலேயே. ஸ்கொத்லாந்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், அம்மருந்து பெற்றோருள் 94 வீதத்தினரும் பெறாதோருள் 82 வீதத்தினரும் ஒன்பது மாதத்திற் குணமடைந்திருந்தனர். நாம் தவறவிட்டது இதனையே.

தவறவிட்டதை மின்சாரத்தால் மீட்கலாமென எண்ணி, நான்காம் வாரத்தில் இயன்மருத்துவரை நாடினோம். கன்னத்தில் மின்முனை பட்டதும் தசை துடித்தது. எமக்குண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை. அவர் நகைத்து, “துடித்தது தசை ஐயா, நரம்பு அல்ல” என்றார். பிரெஞ்சு வைத்தியர் டூஷேன், முதியவரொருவரின் முகத்தசைகளை மின்சாரத்தால் அசைத்துப் படம்பிடித்து 1862இல் நூலாக்கினார். அம்முதியவர் தாமாகச் சிரிக்கவில்லை. நரம்பிழை அறுந்திருப்பின் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரே வளரும். மின்சாரம் அதனை விரைவுபடுத்துமென்பது இன்னும் நிறுவப்படவில்லை. 2011இல் வெளியான கொக்ரேன் மீளாய்வும் மின்சிகிச்சையால் தெளிவான நன்மையைக் காணவில்லை. கடைகளில் விற்கும் சிறு கருவிகளின் துடிப்போ மிகக் குறுகியது. நரம்பிழந்த தசை அதற்கு அசையவும் மாட்டாது.

பின் ‘கறன்ட் பிடித்துச் சுகமானேன்’ என்பார் இத்தனை பேர் இருப்பதெவ்வாறு? கொப்பன்ஹேகனிற் பீட்டர்சன் என்பவர் மருந்தேதும் பெறாத 1,701 நோயாளரை நெடுங்காலம் அவதானித்து, 71 வீதத்தினர் முற்றாகத் தேறியதை 2002இல் வெளியிட்டார். இயற்கை செய்த வேலைக்குக் கருவி பெயர் வாங்குகின்றது. துணுக்காயிலும் ஒட்டுசுட்டானிலும் வாழும் கூலியாளருக்கு, நாடோறும் பேருந்தேறி இச்சிகிச்சைக்குப் போய்வருதல் சிறு செலவன்று.

அவர்க்கு முதன்மையானது கண். மூடாத கண்ணில் சூட்டுக்களத்துத் தூசி விழுந்தால் விழியிற் புண்ணாகும். பகலிற் சொட்டுமருந்தும் கண்ணாடியும், இரவில் இமையை மூடி ஒட்டுதலும் வேண்டும். பின்னர் கண்ணாடிமுன் மெல்லென, வலிந்திழுக்காது பயிலுதல். புதிதாய் வளரும் இழைகள் வழிதவறி வேறு தசையைச் சேர்வதும் உண்டு.

எமக்கும் அவ்வாறே ஆயிற்று. இம்மலரிலுள்ள பழைய மாணவர் குழுப்படத்தில், இரண்டாம் வரிசையில் இடக்கண்ணை மூடிச் சிரிப்பவர் நாமே, படம்பிடித்தவர்மீது பிழையில்லை.