சாட்சியும் உண்மையும்: 'ராஷோமோன்' எழுப்பும் மெய்யியல் வினா

திரைப்படம் மெய்யியல் வினாவை எழுப்ப வல்லது. அவ்வினாவைப் பகுத்தாராயும் பயிற்சியை மெய்யியல் கல்வியே தருகிறது. அகிரா குரோசாவா இயக்கிய 'ராஷோமோன்' (1950) என்னும் ஜப்பானியப் படத்தின்வழி இதனை விளக்க முற்படுகிறோம்.

காட்டில் சாமுராய் வீரன் ஒருவன் இறந்து கிடக்கிறான். கொள்ளையன், வீரனின் மனைவி, குறிசொல்பவள் வாயிலாகப் பேசும் வீரனின் ஆவி, விறகுவெட்டி ஆகிய நால்வரின் கூற்றுகளும் முரண்படுகின்றன. முதல் மூவரும் அச்சாவுக்குத் தம் கையே காரணம் என்னும் வகையில் பேசுகின்றனர். ஆகவே, அவற்றைத் தண்டனைக்கு அஞ்சிய பொய்கள் என ஒதுக்க இயலாது.

இதனைக் காணும் மாணவர், 'உண்மை என ஒன்றில்லை' என முடிவுசெய்யக்கூடும். உண்மையை அறிய இயலவில்லை என்பது அறிவைப் பற்றிய கூற்று. உண்மையே இல்லை என்பது உள்பொருளைப் பற்றிய கூற்று. முன்னதிலிருந்து பின்னது பெறப்படாது. வீரன் ஏதோ ஒரு வகையில் இறந்திருக்கவே வேண்டும்.

இதே உத்தியைக் கையாண்ட எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954) திரைப்படத்தில் கொலையாளி இறுதியில் அறியப்படுவதும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

இவ்வாய்வு நம் மரபிற்குப் புதிதன்று. சைவ சித்தாந்தம் காட்சி, கருதல், உரை என அளவைகளை மூன்றாகக் கொள்கிறது. நியாய நூலார் நம்பத்தக்கோர் கூற்றையே உரையளவையாக ஏற்பர். அவ்வாறாயின், குத்துவாளைக் கவர்ந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு வாய்மூடி நிற்கும் விறகுவெட்டியின் கூற்றை எந்த அளவுக்கு ஏற்பது?

பிறர் சொல்லை எடைபோட்டே வழக்கறிஞரும் ஆசிரியரும் செய்தி படிப்போரும் முடிவெடுக்கின்றனர். அதற்குரிய அளவுகோலை மாணவர்க்குத் தருவதே மெய்யியல் கல்வியின் பயன் என்பது எம் கருத்து.