டர்போ காரில் டவுன்பைப் மாற்றப் போகிறீர்களா? முதலில் ஆர்.சி.யைப் பாருங்கள்

"டவுன்பைப்ப மட்டும் மாத்துங்கண்ணே, வண்டி பறக்கும்!" டர்போ கார் வைத்திருப்பவர்கள் இதை ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். முன்பு டர்போ என்றால் டீசல் வண்டிதான். இப்போது சின்ன பெட்ரோல் கார்களிலும் வந்துவிட்டது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகப் போகும் கொல்லம் – திருமங்கலம் நெடுஞ்சாலையில் (தே.நெ. 744) தினமும் பார்க்கலாம்.

குழாயை மாற்றுவது பெரிய வேலை இல்லை. தெரிந்த மெக்கானிக் ஒரே நாளில் முடித்துவிடுவார். ஆனால் பழைய குழாயோடு சேர்ந்து வண்டியை விட்டு வேறு என்ன போகிறது என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

டவுன்பைப் என்றால் என்ன?

எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை, டர்போவில் இருக்கும் சின்ன விசிறியைச் சுற்ற வைக்கிறது. அந்தச் சுழற்சி, வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அதனால்தான் 1 லிட்டர் எஞ்சின்கூட நல்ல இழுவை தருகிறது. டர்போவைச் சுற்றிவிட்டு வரும் புகையை வண்டிக்கு அடியில் உள்ள சைலன்சர் வரிசைக்குக் கொண்டுபோகும் முதல் குழாய்தான் டவுன்பைப்.

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. இப்போது வரும் பெரும்பாலான டர்போ பெட்ரோல் கார்களில், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இந்தக் குழாயோடு சேர்ந்தே வருகிறது. தேன்கூடு மாதிரி நுண்துளைகள் கொண்ட பீங்கான் கட்டி அது. அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசப்பட்டிருக்கும். கார்பன் மோனாக்சைடு, எரியாத எரிபொருள், நைட்ரஜன் ஆக்சைடுகள் மூன்றையும் குறைப்பது இதுதான். சூடானால்தான் வேலை செய்யும் என்பதால் டர்போவுக்குப் பக்கத்திலேயே வைக்கிறார்கள்.

மாற்றினால் கிடைப்பது என்ன, போவது என்ன?

வெளியில் விற்கும் டவுன்பைப் அகலமாக இருக்கும். உள்ளே கன்வெர்ட்டரே இருக்காது, அல்லது துளைகள் பெரிதான 'ஸ்போர்ட்ஸ் கேட்' இருக்கும். புகை தடையில்லாமல் போவதால் டர்போ சீக்கிரம் வேகம் பிடிக்கும். சத்தம் கனமாகும். இது உண்மைதான். ஆனால் எஞ்சினின் கணினியில், அதாவது இ.சி.யு.வில், 'ரீமேப்' செய்யாமல் குழாயை மட்டும் மாற்றினால் கிடைக்கும் லாபம் குறைவு.

போவதைப் பாருங்கள்:

• கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சார், புகை சுத்தமாகவில்லை என்று கண்டுபிடிக்கும். பி0420 என்ற பிழைக் குறியீட்டோடு 'செக் எஞ்சின்' விளக்கு எரியும். அந்த விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், நாளைக்கு உண்மையான கோளாறு வரும்போது உங்களுக்குத் தெரியாது.

• வேகமாக ஓட்டும்போது டர்போவை ஒட்டிய புகையின் வெப்பம் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வெப்பத் தடுப்புத் தகட்டைத் திரும்பப் பொருத்தாமல் விட்டால் பக்கத்திலுள்ள ஒயர், ரப்பர் குழாய் உருகும். தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு.

• எஞ்சின் தொடர்பான வாரண்டியும் இன்சூரன்ஸ் கிளெய்மும் சிக்கலாகலாம். சொல்லாமல் செய்த மாற்றம் விபத்து ஆய்வில் தெரியவந்தால் கேள்வி வரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் பிரிவு 52-ன்படி, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக ஆர்.சி. விவரங்கள் ஆகும்படி வண்டியை மாற்றக்கூடாது. கேரள வட்டாரப் போக்குவரத்து அலுவலர் தொடர்ந்த மேல்முறையீட்டில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. நிறம் மாற்றுவது, சிறு பொருத்துதல்கள் போன்றவை வேறு, தயாரிப்பாளரின் அடிப்படை விவரங்களை மாற்றுவது வேறு என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

"ஆர்.சி.யில சைலன்சர் பத்தி ஒண்ணுமே இல்லையே?" என்று கேட்கலாம். உங்கள் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். மாசு விதிமுறை என்ற இடத்தில் பாரத் ஸ்டேஜ் 4 அல்லது 6 என்று இருக்கும். கன்வெர்ட்டரை எடுத்த அன்றே அந்த வரி உண்மை இல்லாமல் போய்விடுகிறது.

• பிரிவு 182-ஏ(4): அனுமதியில்லாத மாற்றத்துக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பொறுப்பு வண்டி உரிமையாளருக்கு.

• பிரிவு 190(2): காற்று மாசு, ஒலி வரம்பை மீறி ஓட்டினால் முதல் முறை ரூ.10,000 வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஓட்டுநர் உரிமத்துக்கும் 3 மாதத் தகுதியிழப்பு உண்டு.

சத்தத்துக்கும் கணக்கு இருக்கிறது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். அங்கே பகலில் 50, இரவில் 40 டெசிபல்தான் வரம்பு. ஸ்ரீவில்லிபுத்தூரில் மாவட்ட நீதிமன்றமே இருக்கிறது. செண்பகத்தோப்பு பக்கம் போனால் 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம். 'பட பட' சத்தம் இங்கே யாருக்கும் கெத்தாகத் தெரியாது.

புகைச் சோதனையில் என்ன ஆகும்?

புது வண்டிக்குப் பதிவான நாளிலிருந்து ஓராண்டு வரை புகைச் சான்றிதழ் தேவையில்லை. அதன்பின் பி.எஸ். 4, பி.எஸ். 6 வண்டிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். இந்தப் பெட்ரோல் கார்களுக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தையும், ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம்.மையும் தாண்டக்கூடாது. கன்வெர்ட்டர் இல்லாத வண்டி இதில் தேறுவது கஷ்டம். அப்படியே தேறினாலும், புகைச் சான்றிதழ் என்பது வண்டியில் செய்த மாற்றத்துக்கான அனுமதி ஆகாது.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிறீர்களா?

அதிகம் ஏமாறுவது இங்கேதான். முந்தைய ஓனர் செய்த மாற்றம், பெயர் மாறிய பிறகு உங்கள் தலையில் விழும். டர்போ கார் வாங்கும் முன்:

1. சாவியைத் திருப்பியதும் 'செக் எஞ்சின்' விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

2. ஒர்க்‌ஷாப்பில் லிஃப்டில் ஏற்றி, கன்வெர்ட்டர் இருக்கிறதா, புது வெல்டிங் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கேனரும் போடச் சொல்லுங்கள்.

3. எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் தேதிகளைச் சரிபாருங்கள்.

குழாய் உண்மையிலேயே பழுதானால்?

ஸ்பீடு பிரேக்கரில் அடிபட்டு வளையும் பகுதி கிழியலாம். துருப்பிடித்து ஓட்டை விழலாம். அப்போது மாற்றத்தான் வேண்டும், அதில் தவறில்லை. அதே மாடலுக்கான, கன்வெர்ட்டரோடு கூடிய குழாயைப் போடுங்கள். வண்டி நன்றாக ஆறிய பிறகே வேலையை ஆரம்பிக்கச் சொல்லுங்கள். கேஸ்கெட், நட்டுகள் புதிதாக இருக்கட்டும். இரண்டு சென்சார்களும் அதனதன் இடத்தில், வெப்பத் தடுப்புத் தகடு பழையபடி இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்து இணைப்புகளில் புகை கசிகிறதா என்று பார்த்துவிட்டு, ஸ்கேன் செய்து பில்லோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி – பதில்

ஏற்கெனவே மாத்தியாச்சு. இப்ப என்ன செய்ய?
பழைய குழாய் கையில் இருந்தால் திரும்பப் பொருத்துங்கள். ரீமேப் செய்திருந்தால் அதையும் பழையபடி மாற்றுங்கள். பிறகு புதிதாகப் புகைச் சோதனை எடுங்கள்.

மெக்கானிக் பழைய குழாயை எடுத்துக்கொண்டு பில்லில் கழிக்கிறேன் என்கிறார். கொடுக்கலாமா?
வேண்டாம். அதிலுள்ள உலோகங்களுக்கு ஸ்கிராப்பில் நல்ல விலை உண்டு. புதிது வாங்கப் போனால் செலவு பல மடங்கு.

எந்த மாற்றமுமே செய்யக்கூடாதா?
அப்படி இல்லை. அங்கீகரிக்கப்பட்ட சி.என்.ஜி. கிட் பொருத்துவது போன்றவற்றுக்கு வழி உண்டு. முறைப்படி செய்து, ஆர்.சி.யில் பதிவு செய்ய வேண்டும்.

எங்கே கேட்பது?

டிஎன் 84 என்று தொடங்கும் வண்டிகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். ஆர்.சி. தொடர்பான விண்ணப்பங்களுக்குப் பரிவாகன் இணையதளம். புகைச் சான்றிதழின் நிலையை, வண்டி எண்ணும் சேசிஸ் எண்ணின் கடைசி 5 எழுத்துகளும் இருந்தால் அதே தளத்தில் பார்க்கலாம். டிஜிலாக்கர், எம்-பரிவாகனில் உள்ள ஆவணங்களை வழியில் காட்டினால் செல்லும்.

கடைக்காரரிடம் அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதுல கன்வெர்ட்டர் இருக்கா? என் மாடலுக்கு அங்கீகாரம் பெற்ற பாகம்னு பில்லுல எழுதித் தருவீங்களா?" எழுதித் தர அவர் தயங்கினால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.