கச்சான் காலமும் ஏசியின் உண்மை விலையும்

தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பையும் இரத்தினபுரியையும் நனைத்து, மலைநாட்டின் மேற்குச் சரிவில் தன் மழையை எல்லாம் இறக்கிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே கீழிறங்கும்போது அமுக்கம் கூடி அது சூடேறுகிறது. ஈரம் இழந்து, மண்ணை வாரிக்கொண்டு எங்கள் மட்டக்களப்புக் கரைக்கு வந்து சேரும் அந்தக் காற்றைத்தான் கச்சான் என்கிறோம். மே மாதம் தொடங்கினால் ஓகஸ்ட் தாண்டும் வரை காத்தான்குடியில் பகல் முழுக்க அடுப்படிதான். இந்த நாட்களில்தான் ஏசிக் கடைகளில் கூட்டம் அதிகம்.

எங்கள் வீட்டிலும் இந்த வருடம் அந்தப் பேச்சு வந்தது. இரண்டு காரணங்கள். ஒன்று, உம்மம்மா. வயது எழுபத்தெட்டு, இதய நோய்க்கு மருந்து எடுப்பவர். முதுமையில் வியர்ப்பது குறையும், தாகமும் எளிதில் தெரியாது. ஆகவே வெப்பத்தை வெளியேற்ற உடலுக்கு வழி குறைவு. வெயில் காலத்தில் அவரைக் குளிர்ச்சியான அறையில் வைத்திருங்கள் என்றார் வைத்தியர். மற்றது, ராத்தாவின் கல்யாணம். எங்கள் ஊர் வழக்கப்படி பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் எதையும் கேட்கவில்லை. "அறைக்கு ஏசி போடுவீங்கதானே" என்று மட்டும் ஒரு மாமி சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். உம்மாவின் கையில் இருந்ததோ ஒரு சீட்டுக் காசு. அது ஓர் அறைக்குத்தான் காணும்.

உயர்தரத்தில் பௌதிகவியல் படிப்பவள் என்பதால் கணக்குப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

கடையில் சொன்ன விலை 12000 பிரிஐயு இன்வேர்ட்டர் ஏசிக்கு 185,000 ரூபா. ஆனால் அது பெட்டியின் விலை மட்டும்தான். உள்ளே இருக்கும் பகுதியையும் வெளியே இருக்கும் பகுதியையும் இணைக்கும் செப்புக் குழாயில் சில அடிகள்தான் விலைக்குள் அடங்கும். எங்களுக்கு மேலதிகமாகப் பத்து அடி வேண்டியிருந்தது: 18,000. வெளிப்பெட்டியைச் சுவரில் தாங்கும் இரும்புச் சட்டம் 4,500. மெயின் போர்ட்டிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், எர்த் எல்லாம் சேர்த்து 14,500. மின்னழுத்தம் ஏறி இறங்குவதால் ஸ்டெபிலைசர் 16,000. கூட்டினால் 53,000. மொத்தம் 238,000. தனி வயர் இழுக்காமல் மின்விசிறியின் வயரிலேயே ஏசியைக் கொடுத்துக் காசை மிச்சம் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வயர் சூடாகி வீடு தீப்பற்றினால் எந்த மிச்சமும் மிஞ்சாது. பெற்றோர் இதில் மட்டும் பேரம் பேச வேண்டாம்.

இவ்வளவு செலவு எதற்கு என்று வாப்பா தொலைபேசியில் கேட்டார். அவர் பல வருடம் ரியாதில் வேலை செய்தவர். அங்கே பழைய வீடுகளில் "சஹ்ராவி" என்றொரு பெட்டி இருக்கும். ஈரமான வைக்கோல் போன்ற தட்டிகளின் ஊடாக மின்விசிறி காற்றை இழுக்கும், அவ்வளவுதான். கொம்பிரசர் இல்லை, காஸ் இல்லை, மின்சாரமும் மிகக் குறைவு. அதையே இங்கும் வாங்கலாமே என்பது வாப்பாவின் யோசனை.

ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2.4 மெகாயூல் வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து உறிஞ்சுகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். ஆனால் தண்ணீர் ஆவியாகக் காற்றில் இடம் இருக்க வேண்டும். வெப்பநிலை 42 பாகை, சாரீரப்பதன் 10 வீதம் என்றால், ஆவியாதலால் மட்டும் காற்றை ஏறக்குறைய 20 பாகை வரை குளிர்விக்கலாம். ரியாதின் கோடை அப்படிப்பட்டது. 34 பாகையும் 65 வீதமும் என்றால் எவ்வளவு முயன்றாலும் 28 பாகைக்குக் கீழே போகாது. எங்கள் ஊர் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. பகலில் கச்சான் உலர்த்தினாலும், காற்று விழுந்த இரவில் ஈரம் திரும்பிவிடும். பூட்டிய அறையில் அந்தப் பெட்டியை வைத்தால் தலையணைதான் நனையும். ஆண்டு மழை 1750 மில்லிமீற்றருக்குக் குறைந்த பகுதியை உலர் வலயம் என்று புத்தகம் சொல்கிறது. அது மழையின் கணக்கு, காற்றின் கணக்கு அல்ல. வாப்பாவுக்கு இதை விளக்க இரண்டு அழைப்புகள் தேவைப்பட்டன. ஜித்தாவில் அந்தப் பெட்டி ஏன் சரிவராது என்று கேட்டதும் அவராகவே "ஓ, கடல்" என்றார்.

ஈரத்துக்கு ஏசியும் விலை கேட்கிறது. அதன் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர் அறைக் காற்றில் இருந்த ஈரம்தான். ஓர் இரவில் 5 லீற்றர் சொட்டினால், அதை நீராக்குவதற்கே கிட்டத்தட்ட ஓர் அலகு மின்சாரம் போயிருக்கும்.

இனி மாதாந்தப் பட்டியல். கட்டணம் அடிக்கடி மாறுவதால் ரூபாவை விட்டு அலகில் பார்ப்பதே நல்லது. எங்கள் வீட்டுப் பாவனை மாதம் 85 அலகு. சாதாரண 12000 பிரிஐயு ஏசி இரவில் எட்டு மணிநேரம் ஓடினால் சுமார் 6 அலகு. மின்விசிறி அதே நேரத்துக்கு 0.6 அலகுதான். அதாவது ஓர் ஏசி பத்து மின்விசிறிகளுக்குச் சமம். மாதத்துக்கு 180 அலகு கூடி 265 ஆகிறது. நம் நாட்டுக் கட்டணம் படிக்கட்டு போன்றது: 60, 90, 120, 180 என்று ஒவ்வொரு படி தாண்டும்போதும் அலகின் விலை ஏறும், நிலையான கட்டணமும் ஏறும். ஆகவே அந்த 180 அலகில் 85 அலகு மிக உயர்ந்த படியில் போய் உட்காருகிறது. இன்வேர்ட்டர் என்றால் இரவுக்கு 4 அலகு என வைத்தாலும் மொத்தம் 205. மேல்படியில் 25 அலகுதான். வாங்கும்போது கூடுதலாகக் கொடுக்கும் விலை இங்கே திரும்பி வருகிறது. 2022இல் கட்டணம் உயர்ந்தபோது ஏசியைத் துணியால் மூடி வைத்த வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு.

ஆனால் நான் அதிகம் யோசித்தது கூரையைப் பற்றி. உம்மம்மாவின் அறைக்கு மேலே அஸ்பெஸ்டஸ் சீற் மட்டும்தான், சீலிங் இல்லை. பின்னேரம் அந்த அறைக்குள் நின்றால் உச்சந்தலையில் சூடு இறங்குவது தெரியும். ஏசி பூட்ட வந்தவரிடம், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு ஏன் 12000 பிரிஐயு என்று கேட்டேன். "தங்கச்சி, இந்தக் கூரைக்கு அதுதான் வேணும். சீலிங் அடிச்சு, மேலே வெள்ளித்தாள் விரிச்சா 9000 காணும்" என்றார். கூரையில் வரும் சூட்டை நிறுத்தாமல் பெரிய ஏசி வாங்குவது, ஓட்டை வாளிக்குப் பெரிய குழாய் பூட்டுவது போன்றது. (அஸ்பெஸ்டஸை வெட்டவோ துளைக்கவோ உரஞ்சவோ வேண்டாம். அதன் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. சீலிங் அடிப்பவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.)

செலவை எழுதிய தாளை உம்மா இரண்டு நாள் மேசையில் வைத்திருந்தார். மாமி சொன்னது அவர் மனதில் கிடந்து அரித்தது எனக்குத் தெரியும். ஏசி இல்லாத அறையைப் பார்த்து நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயம் பெண்பிள்ளை பெற்ற எல்லா உம்மாமாருக்கும் உண்டு. வெயிலுக்காக வாங்கும் ஏசிகள் எத்தனை, அந்தப் பயத்துக்காக வாங்கும் ஏசிகள் எத்தனை என்று யாராவது எண்ணிப் பார்க்கலாம். கடைசியில் ராத்தாதான் தாளை எடுத்தாள். "உம்மம்மாட அறைக்குப் போடுங்க உம்மா. எனக்கு மின்விசிறி இருக்கு" என்றாள்.

இப்போது உம்மம்மாவின் அறையில் சீலிங் அடித்து, 9000 பிரிஐயு இன்வேர்ட்டர் பூட்டியாயிற்று. 26 பாகையில் வைத்து, மின்விசிறியையும் மெதுவாகச் சுழல விடுகிறோம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வடிகட்டியைக் கழுவுவது என் வேலை. கடற்காற்றின் உப்பு வெளிப்பெட்டியை அரிக்கும் என்பதால் அதை வாவிப் பக்கச் சுவரில் பூட்டச் சொன்னோம். ராத்தாவின் புது அறையில் தனி வயர் இழுத்து, செப்புக் குழாய்க்குச் சுவரில் ஒரு துளையும் விட்டிருக்கிறோம். பெட்டியை வேண்டுமென்றால் மாப்பிள்ளை வாங்கிக்கொள்ளட்டும்.