அடிபட்ட கை என்றே நினைத்தார்கள்

1890-ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவில் ரயில் பயணத்தின்போது 17 வயதுப் பெண் ஒருத்தியின் கை இருக்கையில் மாட்டி நசுங்கியது. பெயர் எலிசபெத் டேஷியல், நெருங்கியவர்களுக்கு பெஸ்ஸி. வீக்கம் சில நாளில் வடிந்துவிடும் என்றுதான் எல்லாரும் இருந்தார்கள். வடியவில்லை. வலியும் கூடிக்கொண்டே போனது. நியூயார்க்கில் அவளைப் பார்த்த இளம் அறுவை மருத்துவர் வில்லியம் கோலியும் முதலில் தொற்று என்றே சந்தேகித்தார். திசுவை எடுத்துப் பரிசோதித்தபோதுதான் அது சர்கோமா என்ற புற்றுநோய் எனத் தெரிந்தது. முழங்கைக்குக் கீழே கையை வெட்டி எடுத்தார். நோய் அதற்குள் உடலெங்கும் போய்விட்டிருந்தது. 1891 ஜனவரியில் பெஸ்ஸி இறந்தாள்.

அந்தச் சாவு கோலியை உலுக்கிவிட்டது. பழைய மருத்துவப் பதிவேடுகளைப் புரட்டியவர், தோலில் பாக்டீரியா தொற்று வந்தபின் கழுத்துச் சர்கோமா மறைந்துபோன ஒரு நோயாளியைக் கண்டுபிடித்தார். அதை வைத்து, பாக்டீரியாவைக் கட்டிக்குள் ஊசியாகச் செலுத்திப் பார்க்கத் தொடங்கினார். நோயெதிர்ப்பு சக்தியைக் கொண்டே புற்றை எதிர்க்கும் இன்றைய சிகிச்சைமுறைக்கு அது முன்னோடி. பெஸ்ஸியின் நண்பரான ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் பின்னாளில் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பெருந்தொகை கொடுத்தார்.

அடிபட்டதால்தான் பெஸ்ஸிக்குப் புற்றுநோய் வந்ததா? இன்றும் நோயாளிகளின் வீட்டார் கேட்கிற கேள்வி இது. எலும்புப் புற்றுநோயை அடி உண்டாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஏற்கெனவே உள்ளே வளர்ந்துகொண்டிருப்பதன் பக்கம் நம் கவனத்தை அது திருப்புகிறது, அவ்வளவுதான். கட்டி அரித்த எலும்பு லேசாக இடித்தாலே முறிந்துபோவதும் உண்டு. கை எப்போதும் எதிலாவது இடித்துக்கொண்டிருக்கிற உறுப்பு என்பதால், எந்த வீக்கத்துக்கும் பழிபோட ஓர் அடி கிடைத்துவிடுகிறது. எண்ணெய் போட்டு உருவி, கட்டுப் போட்டு, மாதங்கள் ஓடிவிடுகின்றன.

பயம் வேண்டாம். கையில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. மணிக்கட்டின் மேல் உருண்டையாகத் துருத்தும் கேங்க்லியான் நீர்க்கட்டியும், விரல் எலும்புக்குள் வளரும் குருத்தெலும்புக் கட்டியும் சாதுவானவை. மருத்துவர்கள் உஷாராவது வேறு அறிகுறிகளைக் கண்டு: 5 சென்டிமீட்டருக்கு மேல் பெரிதான கட்டி, ஆழத்தில் இருக்கும் கட்டி, வளர்ந்துகொண்டே வருவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி.

கையின் தோலில் வரும் புற்றுநோய்களைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஆனாலும் தவறவிடுகிறோம். பழைய தீக்காயத் தழும்பில் ஆறாத புண் வந்தால், அதைத் திசுப் பரிசோதனை செய்யாமல் களிம்பு தடவிக்கொண்டே இருக்கக் கூடாது. மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் ஆர்சனிக் கலந்த நிலத்தடி நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களின் உள்ளங்கையில் மரு போலக் கெட்டியான புள்ளிகள் தோன்றுகின்றன. அவற்றில் சில புற்றாக மாறுகின்றன. ஆர்சனிக் மருந்து சாப்பிட்டவர்களிடம் இதே தொடர்பை 1880-களிலேயே கவனித்தவர் லண்டன் மருத்துவர் ஜொனாதன் ஹட்சின்சன்.

நகத்தடியில் வரும் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கான முக்கிய அடையாளம் ஒன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. நம்மைப் போன்ற கருநிறத் தோல் உள்ளவர்களுக்குப் பல நகங்களில் கருங்கோடு இருப்பது சகஜம். ஒரே ஒரு நகத்தில், பெரும்பாலும் கட்டைவிரலில், புதிதாக ஒரு கோடு தோன்றி அகலமாகிக்கொண்டே போனால் சந்தேகிக்க வேண்டும். கருமை நகத்தைத் தாண்டி நகக்கண் தோலுக்கும் பரவியிருந்தால், அதுதான் ஹட்சின்சன் அடையாளம், தாமதிக்கவே கூடாது. இந்த வகைப் புற்றுக்கு வெயில் காரணம் இல்லை. நகம் நசுங்கி ரத்தம் கட்டியது என்றால், நகம் வளர வளர அந்தக் கறை நுனியை நோக்கி நகர்ந்துவிடும், மெலனோமாவின் கோடு அப்படி நகராது.

எலும்புக்கும் தசைக்கும் வருவோம். பதின்வயதினரைத் தாக்கும் ஆஸ்டியோசர்கோமா என்ற எலும்புப் புற்றுநோய் முழங்காலை ஒட்டித்தான் அதிகம் வரும். அதற்கடுத்து, தோளை ஒட்டிய மேற்கை எலும்பில். இங்கே பரிசோதனைக்குத் திசு எடுக்கும் (பயாப்ஸி) முதல் ஊசி எங்கே இறங்குகிறது என்பதே பெரிய விஷயம். ஊசி போன தடத்தில் புற்றணுக்கள் சிந்தியிருக்கலாம் என்பதால், பின்னர் கட்டியோடு அந்தத் தடத்தையும் சேர்த்து வெட்டி எடுப்பது வழக்கம். அதனால் ஸ்கேன் எடுத்தபின், அறுவை செய்யப்போகும் குழுவே பயாப்ஸியும் எடுப்பது நல்லது. சாதாரணக் கட்டி என்று நினைத்து அவசரமாகத் தோண்டி எடுத்தால், தசைநாரும் நரம்பும் நெருக்கியடித்துக் கிடக்கும் உள்ளங்கையில் புற்று நாலாபக்கமும் பரவ வழி கிடைத்துவிடும். காப்பாற்றியிருக்கக்கூடிய விரல்கள் அதனால் பறிபோகின்றன.

கீமோ வருவதற்கு முன்னால், ஆஸ்டியோசர்கோமாவுக்காகக் கையையோ காலையோ இழந்தவர்களிலும் ஐந்தில் ஒருவர்தான் பிழைத்தார். கண்ணுக்குத் தெரியாத அளவில் நோய் நுரையீரலுக்குப் போயிருந்ததே காரணம். 1970-களில் கீமோ சேர்ந்தபின், பரவாத நிலையில் வருபவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவர் பிழைக்கிறார்கள். வெட்டி எறியாமல் உறுப்பைக் காப்பாற்றும் துணிச்சலும் அதன்பிறகுதான் வந்தது. கை விஷயத்தில் இது இன்னும் முக்கியம். செயற்கைக் காலால் நன்றாக நடக்கலாம். செயற்கைக் கையால் சோறு சுடுகிறதா என்று உணர முடியாது.

மேற்கை எலும்பின் தோள்பக்கப் பாதியை எடுத்துவிட்டு அங்கே உலோக எலும்பைப் பொருத்துகிறார்கள். நோயாளியின் அளவுக்கே செய்யப்படும் இத்தகைய எலும்புகளை இந்தியாவில் பரவலாக்கியதில் சென்னை எலும்பு மருத்துவர் மயில்வாகனன் நடராஜனுக்குப் பெரும்பங்கு உண்டு. இந்த அறுவைக்குப் பிறகு பலருக்குக் கையைத் தலைக்கு மேல் தூக்குவது சிரமம். முழங்கையும் விரல்களும் வேலை செய்யும் என்பதால் பிசைந்து சாப்பிடலாம், எழுதலாம், சட்டைப் பொத்தான் போடலாம். தலை சீவ மட்டும் மற்றக் கை வேண்டும்.