குகைக்குள் காற்று எப்படி ஓடுகிறது?

காஷ்மீர் போய்வந்த சித்தையன்கோட்டைத் தம்பி ஒருவர் டீக்கடையில் கேட்டார்: "பனிஹால் தாண்டினதும் 11 கிலோமீட்டருக்கு மேல குகைண்ணே. உள்ள இத்தனை பேர் மூச்சு விடுறோம், காத்து எங்கிருந்து வருது?"

டீயைக் குடிங்க தம்பி, சொல்றேன். மூச்சைப் பற்றிக் கவலை வேண்டாம். நீங்க போன அந்த பீர்பஞ்சால் ரயில் குகை 8 மீட்டருக்கு மேல் அகலம், 7 மீட்டருக்கு மேல் உயரம். லட்சக்கணக்கான கன மீட்டர் காற்று உள்ளே இருக்கிறது. சில நிமிடப் பயணத்தில் தீராது. போதாததற்கு ரயிலே காற்றை மாற்றுகிறது. சைக்கிள் பம்புக்குள் தண்டு போவதுபோல, முன்னால் உள்ள காற்றைத் தள்ளி, பின்னால் புதுக்காற்றை இழுத்துக்கொண்டே போகும். செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக்கு முன்னால் வருகிற குகை மாதிரி ஒரு கிலோமீட்டர் அளவுக்கு இருந்தால், ரயிலின் இந்தத் தள்ளலும் மலைக்காற்றுமே போதும்.

சிக்கல் புகையில்தான். 1944 மார்ச்சில் இத்தாலியின் பால்வானோ அருகே ஒரு நீராவி ரயில் ஏற்றத்தில் இழுக்க முடியாமல் குகைக்குள்ளேயே நின்றுவிட்டது. நிலக்கரிப் புகையின் கார்பன் மோனாக்சைடு 500 பேருக்கு மேற்பட்டோரைக் கொன்றது. பலர் தூக்கத்திலேயே போய்விட்டார்கள். நினைத்தாலே நெஞ்சு பதறும். ரயில் நின்றால் காற்றைத் தள்ள ஆளில்லை. விசிறி அவசியமாவது அங்கேதான்.

பீர்பஞ்சால் பாதை 2013 ஜூனில் திறந்தபோது ஓடியது டீசல் வண்டி. அதனால் கூரையில் ஜெட் விசிறிகளைத் தொங்கவிட்டார்கள். இரண்டு பக்கமும் திறந்த பெரிய இரும்புக் குழாய், நடுவில் சுழலும் இறக்கைகள். குகைக் காற்று முழுவதையும் அது இழுப்பதில்லை. கொஞ்சம் காற்றை வாங்கி அதிவேகமாகப் பீய்ச்சும்; அந்த வேகம் சுற்றியுள்ள காற்றையும் சேர்த்து இழுத்துப்போகும். ஒன்று தள்ளியதை அடுத்தது வாங்கித் தள்ள, புகை வாசல் வழியாக வெளியேறும்.

2022-லிருந்து அங்கே மின்சார ரயில். விசிறி வேண்டாமே என்று தோன்றும். என்னைக் கேட்டால், இப்போதுதான் அதன் முக்கியமான வேலை புரிகிறது. தீப்பிடித்தால் புகை கூரையோடு இரு பக்கமும் பரவும். விசிறிகள் போதுமான வேகத்தில் ஒரே பக்கமாக ஊதினால், மறுபக்கம் புகை ஏறாது. தண்டவாளத்தை ஒட்டியே 3 மீட்டர் கான்கிரீட் சாலை போட்டிருக்கிறார்கள். மீட்பு வண்டி வரும், மக்களும் நடக்கலாம். காற்று எந்தப் பக்கமிருந்து முகத்தில் அடிக்கிறதோ, அந்தப் பக்கம்தான் நடக்க வேண்டும்.