எதிர்ப்பாற்றலின் மதகும் புற்றுநோயும்

புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வருவோரின் குடும்பத்தினர் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எதிர்ப்புச் சக்தி குறைந்ததால்தானே இந்த நோய் வந்தது? அதைக் கூட்டுவதற்கு என்ன கொடுக்கலாம்?" கேள்வி இயல்பானதே. ஆயினும், பல புற்றுநோய்களில் எதிர்ப்புச் செல்கள் கட்டியின் அருகிலேயே இருக்கின்றன. அவை செயற்படாதவாறு தடுக்கப்படுகின்றன. தடுப்பவற்றுள் முக்கியமானவை நம் உடலிலேயே பிறந்த செல்கள்.

மதகு எதற்காக?

முல்லைப் பெரியாற்று நீரில் விளையும் நம் சின்னமனூர் வயல்களை நினைத்துப் பாருங்கள். மதகு இல்லையேல் பெருகிவரும் நீர் வரப்பை உடைத்துப் பயிரையே அழித்துவிடும். இரத்த வெள்ளையணுக்களுள் ஒரு வகையான டி செல்களும் அத்தகையவை. கிருமி புகுந்த செல்களையும் புற்றுச் செல்களையும் அழிக்கும் இவை, கட்டுப்பாடு இழந்தால் கணையம், மூட்டு, குடல் என நம் உறுப்புகளையே தாக்கும். இதைத் தடுக்கும் மதகாக விளங்குபவை 'ஒழுங்குபடுத்தும் டி செல்கள்'.

ஜப்பானிய அறிஞர் ஷிமோன் சகாகுச்சி 1995இல் இவற்றை இனங்காட்டினார். 2001இல் அமெரிக்காவின் மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் ஃபாக்ஸ்பி3 என்னும் மரபணுவைக் கண்டறிந்தனர். இச்செல்கள் உருவாக அம்மரபணு இன்றியமையாதது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அதில் பழுதுடன் பிறக்கும் குழந்தைகளை அவர்களது எதிர்ப்பாற்றலே கடுமையாகத் தாக்குகிறது. இம்மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கட்டியின் சூழ்ச்சி

வளரும் கட்டி சில வேதிப்பொருள்களைச் சுரந்து ஒழுங்குபடுத்தும் செல்களைத் தன்பால் ஈர்க்கிறது. அங்குத் திரளும் அவை, தாக்கவரும் டி செல்களுக்குத் தேவையான வளர்ச்சிப் பொருளைத் தாமே உறிஞ்சிக்கொள்கின்றன. அவற்றை அடக்கும் பொருள்களையும் சுரக்கின்றன. பயிர் வாடும் வேளையில் மதகை அடைத்தது போன்ற நிலை இது. பல வகைக் கட்டிகளில் இச்செல்கள் மிகுந்திருப்பின் நோய் விரைந்து முற்றுகிறது. எனினும் எல்லாப் புற்றுநோய்க்கும் இது பொருந்தாது. பெருங்குடல் புற்றுநோய் சிலவற்றில் மாறான நிலையும் காணப்படுகிறது.

அடைப்பை நீக்கும் மருந்துகள்

ஒழுங்குபடுத்தும் செல்களின் மேற்பரப்பில் மிகுதியாக உள்ள சிடிஎல்ஏ-4 என்னும் புரதம் ஒரு தடை. பிடி-1 மற்றொரு தடை. இவற்றை நீக்கும் சிகிச்சைக்கு வழிகண்ட ஜேம்ஸ் அலிசன், டசுகு ஹோஞ்சோ இருவரும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர். பிடி-1 தடையை நீக்கும் நிவோலுமாப் விலை மிக்கது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளர் 151 பேரிடம் ஆய்வு நடத்தியது. மாத்திரைச் சிகிச்சை மட்டும் பெற்றோரில் ஓராண்டுக்குப் பின் உயிருடன் இருந்தோர் நூற்றுக்கு 16 பேர். அதனுடன் மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாபும் பெற்றோரில் 43 பேர். வழக்கமான அளவில் இது மிகச் சிறு பங்கே. இது முழுக் குணம் அன்று. ஆயினும் குறிப்பிடத்தக்க பயன்.

குடும்பத்தினர் கவனத்திற்கு

மதகைத் திறக்கும்போது நீர் வரப்பை மீறவும் கூடும். இம்மருந்துகளைப் பெறுவோருக்கு வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல், விடாத இருமல், தோல் தடிப்பு, கண் மஞ்சளாதல், மிகுந்த சோர்வு தோன்றினால் உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள். மருந்து நிறுத்திப் பல மாதங்கள் கழித்தும் இவை வரலாம். சாதாரண வயிற்றுப்போக்கு என எண்ணிக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டா. இரவில் வேறு மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தால் சிகிச்சைக் குறிப்பேட்டைக் கொண்டுசென்று, இம்மருந்து பெற்றதை முதலில் கூறுங்கள். தொடக்கத்திலேயே கவனித்தால் பெரும்பாலானவற்றைக் கட்டுப்படுத்த இயலும்.

'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' என விற்கப்படும் பொடிகளும் கஷாயங்களும் இந்த மதகைத் திறப்பதாக நிறுவப்படவில்லை. சில கல்லீரலைப் பாதித்துச் சிகிச்சையையே தள்ளிப்போடச் செய்யும். எதைக் கொடுப்பதாயினும் முன்னதாக மருத்துவரிடம் கேளுங்கள். போதிய உணவும் புகையிலையை விடுதலும் தவணை தவறாத சிகிச்சையுமே நோயாளருக்கு நீங்கள் செய்யக்கூடிய பெருந்துணை.